தன்னுடல் தாக்கு இரைப்பை அழற்சி: நோயும் அதனோடு வாழ்தலும்

தன்னுடல் தாக்கு இரைப்பை அழற்சி என்பது உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் இரைப்பையின் உட்சுவரிலுள்ள செல்களையே பகையாகக் கருதித் தாக்குவதால் உண்டாகும் நாட்பட்ட நோய். இது தொற்றுநோய் அன்று. காரம், எண்ணெய்ப் பலகாரம், நேரம் தவறிய சாப்பாடு ஆகியவற்றாலும் வருவதில்லை. பல ஆண்டுகள் ஓசையின்றி வளர்ந்து, வயிற்றில் தொல்லை தருவதற்கு முன்பே இரத்தத்திலும் நரம்பிலும் தன் விளைவைக் காட்டக்கூடியது என்பதே இதன் தனித்தன்மை. நோய் முற்றிய நிலையில் வைட்டமின் பி12 உடலில் சேராமல் போய், பெர்னிசியஸ் அனீமியா எனப்படும் கொடிய இரத்தசோகை உண்டாகிறது.

இந்நோயை அடியோடு குணப்படுத்தும் மருந்து இன்று இல்லை. ஆனால் இதனால் உடலில் குறைந்துபோகும் சத்துகளை முறையாக ஈடுசெய்துவந்தால், நோயுள்ளவர் பிறரைப் போலவே படிக்கலாம், வேலை பார்க்கலாம், குடும்பம் நடத்தலாம், முதுமை வரை வாழலாம். அதற்கு நோயைப் புரிந்துகொள்வது முதல் தேவை.

இரைப்பை செய்யும் வேலை

இரைப்பையை உணவைத் தேக்கிவைத்து அரைக்கும் பை என்று மட்டும் எண்ணுவது வழக்கம். அதன் மேற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் உள்ள உட்சுவரில் பரைட்டல் செல்கள் என்னும் சிறப்புச் செல்கள் உள்ளன. இவை இரண்டு பொருள்களைச் சுரக்கின்றன. ஒன்று ஹைட்ரோகுளோரிக் அமிலம். மற்றொன்று உள்ளார்ந்த காரணி என்னும் புரதம்.

அமிலம் உணவிலுள்ள புரதங்களைச் செரிக்க உதவுகிறது. உணவோடு வரும் கிருமிகளில் பலவற்றைக் கொல்கிறது. தானியங்களிலும் கீரைகளிலும் உள்ள இரும்புச்சத்தைக் குடல் ஏற்கும் வடிவுக்கு மாற்றுகிறது. முட்டை, பால், மீன், இறைச்சி ஆகியவற்றில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வைட்டமின் பி12-ஐ விடுவிப்பதும் அமிலமும் பெப்சின் என்னும் நொதியும் சேர்ந்து செய்யும் வேலைதான்.

விடுபட்ட பி12 தானாகக் குடலுக்குள் நுழைந்துவிடாது. முதலில் உமிழ்நீரிலிருந்து வரும் ஒரு புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. முன்சிறுகுடலில் கணையநீர் அப்பிடியை அவிழ்த்தபின், உள்ளார்ந்த காரணி பி12-உடன் இணைகிறது. இந்த இணைப்பு சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை சென்று, அங்குள்ள செல்களால் உறிஞ்சப்படுகிறது. கடிதத்தில் முகவரி சரியாக எழுதியிருந்தாலும் அஞ்சல்தலை இல்லாவிட்டால் ஒழுங்காகப் போய்ச் சேராது அல்லவா? பி12-க்கு உள்ளார்ந்த காரணி அந்த அஞ்சல்தலை போன்றது.

நோய் உண்டாகும் விதம்

நோயெதிர்ப்பு மண்டலத்தின் கடமை வெளியிலிருந்து வரும் கிருமிகளை அடையாளம் கண்டு அழிப்பது. சிலரிடம், மரபணுக் காரணங்களும் இன்னும் முழுமையாகத் தெளிவாகாத பிற காரணங்களும் சேர்ந்து, அந்த அடையாளம் காணும் திறன் பிசகுகிறது. தைராய்டு சுரப்பியைத் தாக்கினால் ஹாஷிமோட்டோ நோய். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கினால் முதல் வகை நீரிழிவு. தோலின் நிறமிச் செல்களைத் தாக்கினால் வெண்புள்ளி. இரைப்பையின் பரைட்டல் செல்களைத் தாக்கினால் தன்னுடல் தாக்கு இரைப்பை அழற்சி.

தாக்குதலின் முதன்மை இலக்கு, அமிலத்தைச் செலுத்தும் பம்பு போல அச்செல்களில் வேலை செய்யும் ஒரு நொதி. நாளடைவில் செல்கள் அழிந்து, இரைப்பைச் சுவர் மெலிந்து தேய்கிறது. அமிலம் குறைகிறது, பிறகு உள்ளார்ந்த காரணியும் குறைகிறது. நோயாளிகள் பலரின் உடலில் உள்ளார்ந்த காரணியையே முடக்கும் எதிர்ப்பொருள்களும் உருவாகின்றன.

பொதுவாகக் காணப்படும் இரைப்பை அழற்சிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே அறிய வேண்டும். ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவால் உண்டாகும் அழற்சி பெரும்பாலும் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் தொடங்குகிறது. அந்தப் பாக்டீரியாவைக் கண்டறிந்ததற்காக ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்தத் தொற்றை மருந்தால் ஒழிக்கலாம். தன்னுடல் தாக்கு அழற்சியோ மேற்பகுதியையும் நடுப்பகுதியையும் பிடிக்கிறது. கீழ்ப்பகுதி பெரும்பாலும் தப்பிவிடுகிறது. மருத்துவர் இரண்டையும் பிரித்தறிய இந்த இட வேறுபாடு உதவுகிறது.

உடலில் பி12-இன் கையிருப்பு ஏறத்தாழ 2 முதல் 5 மில்லிகிராம். அதன் பெரும்பகுதி கல்லீரலில் உள்ளது. நாள்தோறும் தேவைப்படுவதோ 2 முதல் 2.5 மைக்ரோகிராம் மட்டுமே. ஒரு மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். ஆகவே வரவு நின்றுபோன பிறகும் கையிருப்பைக் கொண்டு உடல் சில ஆண்டுகளை ஓட்டிவிடுகிறது. நோய் வந்ததே தெரியாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வரலாறு

1849-இல் லண்டனில் கைஸ் மருத்துவமனை மருத்துவர் தாமஸ் அடிசன், காரணம் புலப்படாமல் நோயாளியை மெல்ல மெல்ல வெளுக்கவைத்துச் சாகடிக்கும் ஓர் இரத்தசோகையைப் பற்றி உரையாற்றினார். 1872-இல் சூரிக் நகரில் அன்டன் பியர்மர் இதற்குப் பெர்னிசியஸ், அதாவது உயிர்க்கேடு விளைவிக்கும் என்ற அடைமொழியைக் கொடுத்தார். பெயர் பொருத்தமாகவே இருந்தது. அக்காலத்தில் இந்நோய் கண்டவர் பிழைப்பது அரிது.

1920-களில் அமெரிக்காவின் ஜார்ஜ் விப்பிள், இரத்தம் இழந்த நாய்களுக்குக் கல்லீரலை உணவாகக் கொடுத்தால் அவற்றின் இரத்தம் விரைவாக ஊறுவதைக் கண்டார். இதைப் பின்பற்றி 1926-இல் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் மைனாட்டும் வில்லியம் மர்ஃபியும் 45 நோயாளிகளுக்கு நாள்தோறும் கல்லீரல் உணவு கொடுத்து, அவர்கள் தேறியதை அறிவித்தனர். மூவருக்கும் 1934-இல் நோபல் பரிசு கிடைத்தது. மைனாட் தாமும் நீரிழிவு நோயாளி. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் இன்சுலின் கண்டுபிடிக்கப்படாமல் இருந்திருந்தால் அவர் இந்த ஆய்வுவரை வாழ்ந்திருப்பது ஐயமே.

நோயாளிக்கு ஏன் கல்லீரல் அவ்வளவு தேவைப்படுகிறது, பிறருக்கு ஏன் சாதாரண உணவே போதுகிறது என்ற கேள்விக்கு வில்லியம் காசில் விடை தேடினார். பாஸ்டனில் அவர் செய்த சோதனை வியப்பூட்டுவது. அரைவேக்காட்டு மாட்டிறைச்சியை அவரே உண்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தம் இரைப்பையிலிருந்து அதை வெளியே எடுத்து, குழாய் வழியாக நோயாளிகளுக்குச் செலுத்தினார். இறைச்சியைத் தனியாகக் கொடுத்தபோது தேறாத நோயாளிகள், இதனால் தேறினர். நலமுள்ள இரைப்பை தரும் ஏதோ ஒன்று நோயாளியின் இரைப்பையில் இல்லை என்பது 1929-இல் இவ்வாறு தெளிவாயிற்று. அதுவே உள்ளார்ந்த காரணி. உணவில் இருந்து வரும் மறுபாதி எது என்பது 1948-இல் தெரியவந்தது. அமெரிக்காவில் கார்ல் ஃபோல்கர்ஸ் குழுவினரும் இங்கிலாந்தில் லெஸ்டர் ஸ்மித் குழுவினரும் தனித்தனியே செந்நிறப் படிகமாக வைட்டமின் பி12-ஐப் பிரித்தெடுத்தனர். அதன் சிக்கலான மூலக்கூறு அமைப்பை எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் கண்டறிந்த டொரதி ஹாட்ஜ்கின் 1964-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. 1928-இல் பம்பாய்க்கு வந்த ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகளிடம் இதைப் போன்றே தோன்றும் இரத்தசோகையைக் கண்டு ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் கொடுத்தபோது அவர்கள் குணமடைந்தனர். பிற்காலத்தில் அதிலிருந்த சத்து ஃபோலிக் அமிலம் என அறியப்பட்டது. நுண்ணோக்கியில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு இரத்தசோகைகள், இரண்டு வேறு காரணங்கள். இந்த வேறுபாட்டை மறந்தால் என்ன ஆகும் என்பது பின்னர் வருகிறது.

அறிகுறிகள்

தொடக்கத்தில் பலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. சிலருக்குச் சிறிது உண்டவுடன் வயிறு நிறைந்துவிட்ட உணர்வு, உப்புசம், குமட்டல், பசியின்மை ஆகியவை இருக்கும். இவற்றை அல்சர் என்றோ வாயுத் தொல்லை என்றோ எண்ணி, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை வாங்கி விழுங்குவது பரவலான வழக்கம். ஏற்கெனவே அமிலம் வற்றிவிட்ட இரைப்பைக்கு அவை பயன் தருவதில்லை.

அமிலம் குறைவதால் முதலில் இரும்புச்சத்துப் பற்றாக்குறை தலைகாட்டக்கூடும். இளம்பெண்களிடம் இதுவே முதல் அறிகுறியாக அமைவது உண்டு. மாதவிடாயினால் வந்த சோகை என்று இரும்பு மாத்திரை கொடுக்கப்படும். பல மாதங்கள் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாது.

பி12 குறையும்போது சோர்வு, படியேறினால் மூச்சு வாங்குதல், படபடப்பு, வெளுத்த தோலில் இலேசான மஞ்சள் சாயல் ஆகியவை தோன்றுகின்றன. நாக்கு சிவந்து வழவழப்பாகி, சூடான அல்லது காரமான பொருள் பட்டால் எரிகிறது.

மிகவும் கவனிக்க வேண்டியவை நரம்பு சார்ந்த அறிகுறிகள். கை கால் விரல்களில் மரத்துப்போதல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, காலில் செருப்பு கழன்றதே தெரியாமை, இருட்டில் நடந்தால் தடுமாற்றம், முகம் கழுவக் கண்ணை மூடிக் குனிந்தால் தள்ளாட்டம் ஆகியவை நரம்புகளும் தண்டுவடமும் பாதிக்கப்படுவதைக் காட்டும். மறதி, கவனக்குறைவு, எரிச்சல், மனச்சோர்வு ஆகியவையும் வரலாம். இரத்தசோகை சிறிதும் இல்லாமலேயே நரம்புப் பாதிப்பு வர முடியும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஏன் தவறவிடப்படுகிறது?

வயதானவர் தடுமாறினால் வயது என்கிறார்கள். நடுவயதுப் பெண் சோர்ந்தால் வேலைப்பளு என்கிறார்கள். மாணவருக்கு மறதி என்றால் படிப்பில் அக்கறையில்லை என்கிறார்கள். ஒவ்வோர் அறிகுறிக்கும் வேறொரு விளக்கம் கையருகே இருப்பதால், அனைத்தையும் ஒரே நூலில் கோத்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்தியச் சூழலில் இன்னொரு காரணமும் சேர்கிறது. பி12 தாவர உணவுகளில் இயல்பாக இல்லை. ஆகவே சைவ உணவு உண்பவருக்கு பி12 குறைந்திருந்தால், உணவுதான் காரணம் என்று அத்துடன் விசாரணை நின்றுவிடுகிறது. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சைவ உணவினருக்கும் தன்னுடல் தாக்கு நோய் வரும். நாள்தோறும் முட்டையும் மீனும் உண்பவருக்கு பி12 குறைந்திருந்தால் இந்நோயைப் பற்றிக் கட்டாயம் எண்ண வேண்டும். சைவர் ஒருவர் மருந்தின்றி உணவை மட்டும் மாற்றியும் அளவு ஏறவில்லை என்றாலும் அவ்வாறே.

நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையையோ, அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் போன்ற மருந்துகளையோ பல ஆண்டுகள் உட்கொள்பவர்களுக்கும் பி12 குறையலாம். மருத்துவர் இவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்.

கண்டறியும் முறை

முதல் படி முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனை. பி12 குறைந்தால் சிவப்பணுக்கள் இயல்பைவிடப் பெரிதாகின்றன. அவற்றின் சராசரிப் பருமன் பொதுவாக 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர். இந்நோயில் 100-ஐத் தாண்டக்கூடும். ஆனால் இரும்புச்சத்தும் சேர்ந்து குறைந்திருந்தால் நிலைமை மாறும். இரும்புக் குறைவு சிவப்பணுவைச் சிறிதாக்கும். பி12 குறைவு பெரிதாக்கும். இரண்டும் சேர்ந்து சராசரி இயல்பாகவே தெரியும். ஒரு வகுப்பில் பாதிப் பேர் 20 மதிப்பெண்ணும் மீதிப் பேர் 100 மதிப்பெண்ணும் எடுத்தால் சராசரி 60 வரும். 60 எடுத்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். சராசரி எண் உண்மையை மறைப்பது அவ்வாறுதான்.

அடுத்து இரத்தத்தில் பி12 அளவு பார்க்கப்படுகிறது. அது எல்லைக்கோட்டில் இருந்தால் மெத்தில்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டீன் ஆகியவற்றின் அளவு உதவும். பி12 குறைந்தால் இவை உயரும். காரணத்தை அறிய எதிர்ப்பொருள் பரிசோதனைகள் உண்டு. உள்ளார்ந்த காரணிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தால் நோய் ஏறத்தாழ உறுதி. ஆனால் நோயாளிகளில் சுமார் பாதிப் பேரிடம் மட்டுமே அது தென்படுவதால், இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பரைட்டல் செல்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் மிகப் பலரிடம் காணப்படும். ஆனால் நலமுள்ளவர் சிலரிடமும் அது இருக்கும்.

முடிவான சான்று எண்டோஸ்கோபியில் கிடைக்கிறது. மெல்லிய குழாயை வாய்வழியே செலுத்தி, இரைப்பையின் நடுப்பகுதியிலிருந்தும் கீழ்ப்பகுதியிலிருந்தும் தனித்தனியே சிறு திசுத் துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கின்றனர்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. சோர்வு என்றதும் மருந்துக்கடையில் பி12 ஊசியோ சத்து மாத்திரையோ வாங்கிப் போட்டுக்கொண்ட பிறகு பரிசோதித்தால், இரத்த அளவு உயர்ந்து காட்டும்; நோய் மறைந்துகொள்ளும். பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு மருந்தைத் தொடங்குவதே முறை. நரம்பு அறிகுறிகள் கடுமையாக இருந்தால் இரத்தம் எடுத்தவுடன், முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குவார்.

சிகிச்சை

நோயெதிர்ப்பு மண்டலத்தின் தாக்குதலை நிறுத்த வழக்கமான சிகிச்சை எதுவும் இல்லை. இழந்ததை ஈடுசெய்வதே சிகிச்சை. பி12 பொதுவாக 1000 மைக்ரோகிராம் அளவில் தசையில் ஊசியாகப் போடப்படுகிறது. முதலில் நாள்தோறும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள், பின்னர் வாரத்துக்கு ஒன்று, அதன்பின் மாதத்துக்கு ஒன்று என இடைவெளி கூட்டப்படும். சில நாடுகளில் ஹைட்ராக்சோகோபாலமின் என்னும் வடிவத்தை இரண்டு அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகின்றனர். இந்திய மருந்துக்கடைகளில் மெத்தில்கோபாலமின் அதிகம் கிடைக்கிறது.

மாத்திரை பயன்படுமா என்று பலர் கேட்பதுண்டு. உள்ளார்ந்த காரணி இல்லாவிட்டாலும், உட்கொள்ளும் பி12-இல் ஏறத்தாழ 1 விழுக்காடு தானாகக் குடலில் கசிந்து சேர்கிறது. 1000 மைக்ரோகிராம் மாத்திரையில் அது 10 மைக்ரோகிராம். அன்றாடத் தேவைக்குப் போதும். எனவே உயர் அளவு மாத்திரையை நாள் தவறாமல் உட்கொள்வது சிலருக்கு ஏற்ற வழி. சாதாரணச் சத்து மாத்திரைகளில் உள்ள சில மைக்ரோகிராம் இந்நோய்க்குப் போதாது. நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு ஊசியே முதலில் தரப்படுகிறது. எது யாருக்கு என்பதை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

சிகிச்சை தொடங்கி ஒரு வாரத்துக்குள் எலும்பு மச்சை புதிய சிவப்பணுக்களை மிகுதியாக வெளியிடத் தொடங்குகிறது. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் இரத்தசோகை சரியாகிறது. நரம்புகள் தேற ஆறு மாதமோ ஓர் ஆண்டோ ஆகலாம். நெடுநாள் கவனிக்காமல் விட்ட நரம்புச் சேதம் முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். காலத்தோடு கண்டறிவது எவ்வளவு இன்றியமையாதது என்பதை இது காட்டுகிறது.

ஃபோலிக் அமிலம் பற்றி முன்னர் சொன்ன எச்சரிக்கை இங்கே பொருந்தும். பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிக அளவில் கொடுத்தால் இரத்தசோகை ஓரளவு சீராகிவிடும். பரிசோதனைத் தாள் நன்றாக இருக்கும். நரம்புச் சேதமோ தொடர்ந்து நடக்கும். பள்ளிகளில் வளரிளம் பருவத்தினருக்கு வாரந்தோறும் தரப்படும் நீலநிற இரும்பு-ஃபோலிக் அமில மாத்திரை பெருவாரியான மாணவர்களுக்கு நன்மை தருவது. அதை அஞ்சி ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் அதை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒரு மாணவரின் சோகை தீரவில்லை என்றால், பி12 அளவையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அன்றாட வாழ்க்கை

ஊசியை நிறுத்தாமை: நோயாளிகள் தடுமாறும் முதல் இடம் இது. சில மாதங்களில் உடம்பு தேறியதும், இனி எதற்கு ஊசி என்று விட்டுவிடுகிறார்கள். கல்லீரலில் சேர்ந்த கையிருப்பு சிறிது காலம் தாங்கும். பின்னர் பழைய நிலை மெல்லத் திரும்பும். அதற்குள் ஊசியை நிறுத்தியதே மறந்துபோயிருக்கும். மூக்குக்கண்ணாடி போட்டதும் எழுத்து தெரிகிறது என்பதற்காக யாரும் கண்ணாடியைக் கழற்றி எறிவதில்லை. இதுவும் அப்படித்தான். நாட்காட்டியில் குறித்துவைத்தல், மாதத்தின் ஒரே தேதியில் போட்டுக்கொள்ளுதல், வீட்டில் இன்னொருவருக்கும் தெரிவித்துவைத்தல் ஆகியவை உதவும்.

உணவு: இந்நோயைக் குணப்படுத்தும் பத்தியம் என்று எதுவும் இல்லை. சிறிது உண்டதும் வயிறு நிறைபவர்கள் மூன்று வேளைப் பெருஞ்சாப்பாட்டை ஐந்து அல்லது ஆறு சிறு வேளைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு, பருப்பு, தயிர், மீன், முட்டை ஆகியவற்றில் அவரவர் வயிறு ஏற்பதை உண்ணலாம். இரும்புச்சத்துக்காகக் கீரை, பயறு, கேழ்வரகு உண்ணும்போது எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றைச் சேர்த்துக்கொண்டால் வைட்டமின் சி, இரும்பை உறிஞ்ச உதவும். உணவோடு உடனே காபி, தேநீர் குடிப்பது அதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது. வாய்வழி இரும்பு சேராவிட்டால் மருத்துவர் இரத்தநாளம் வழியாக ஏற்றுவார். அமிலம் என்னும் காவல் குறைந்திருப்பதால் குடிநீரைக் காய்ச்சிக் குடிப்பதும், திறந்துவைத்த உணவைத் தவிர்ப்பதும் பிறரைவிட இவர்களுக்கு அதிகம் தேவை.

நடையும் பாதுகாப்பும்: கால் மரத்தவர்கள் இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரிய விட வேண்டும். வெறுங்காலோடு நடப்பதைத் தவிர்த்து, உறங்கும் முன் பாதத்தில் காயம் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தடுமாற்றம் தீரும்வரை இருசக்கர வாகனம் ஓட்டாமல் இருப்பது நல்லது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை: மயக்க மருந்தாகப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு உடலிலுள்ள பி12-ஐச் செயலிழக்கச் செய்கிறது. பி12 குறைந்தவருக்கு இதனால் நரம்புப் பாதிப்பு திடீரென்று கூடலாம். ஆகவே அறுவை சிகிச்சைக்கோ பல் சிகிச்சைக்கோ செல்லும்போது இந்நோய் இருப்பதை முதலிலேயே கூற வேண்டும். கருவுற விரும்பும் பெண்கள் பி12 அளவைச் சரிசெய்துகொள்வது அவசியம். தாயிடம் பி12 இல்லையென்றால், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கும் அது கிடைக்காது. குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும்.

மனநிலை: இந்நோய் வெளியே தெரிவதில்லை. கட்டு இல்லை, காய்ச்சல் இல்லை. பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய் என்ற ஒரு சொல் நோயாளியைப் பல நாள் வருத்தும். சோர்வைச் சோம்பல் என்று வீட்டாரும் அலுவலகத்தாரும் எண்ணும்போது, நோயாளியும் தம்மையே ஐயுறத் தொடங்குகிறார். மனச்சோர்வு பி12 குறைவின் நேரடி விளைவாகவும் இருக்கலாம் என்பதை வீட்டார் அறிந்திருந்தால் பாதிச் சிக்கல் தீரும். வேலைகளை நாள் முழுவதும் பரப்பி வைத்துக்கொள்வது, தெம்புள்ள நேரத்தில் கடினமான வேலையைச் செய்வது, ஓய்வு கேட்பதற்குக் கூசாமல் இருப்பது ஆகியவை பயன்படும். மனச்சோர்வு நீடித்தால் அதற்கும் தனியே சிகிச்சை பெற வேண்டும்.

தொடர் கண்காணிப்பு

பி12 ஊசி இரத்தத்தையும் நரம்பையும் காக்கிறது. இரைப்பையின் தேய்வை நிறுத்துவதில்லை. அமிலம் குறையும்போது, அதைச் சுரக்கத் தூண்டும் கேஸ்ட்ரின் என்னும் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அதன் இடைவிடாத தூண்டுதலால் சிலருக்கு இரைப்பையில் நியூரோ எண்டோக்ரைன் கட்டிகள் எனப்படும் சிறு கட்டிகள் தோன்றுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை மெல்ல வளர்பவை. சிறிதாக இருக்கும்போதே எண்டோஸ்கோபி வழியாக அகற்றக்கூடியவை. இரைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் பிறரைவிடச் சற்றுக் கூடுதல். இதனால் 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்டோஸ்கோபி செய்துகொள்ள ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. காரணமின்றி எடை குறைதல், விழுங்குவதில் சிரமம், வாந்தியில் இரத்தம், தார் போன்ற கருமலம் ஆகியவை கண்டால் அடுத்த முறைக்குக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரும்பு மாத்திரை சாப்பிடுவோருக்கு மலம் கருத்துப் போவது உண்டு. அதையும் மருத்துவரிடம் சொல்லித் தெளிவுபெறலாம்.

ஒரு தன்னுடல் தாக்கு நோய் உள்ளவருக்கு இன்னொன்றும் வர வாய்ப்பு உண்டு. ஆகவே தைராய்டு அளவையும் இரத்தச் சர்க்கரையையும் இடையிடையே பார்ப்பது வழக்கம். நெருங்கிய இரத்த உறவினருக்கும் வாய்ப்புச் சற்றுக் கூடுதல் என்பதால், அவர்களுக்கு விளங்காத சோர்வோ சோகையோ இருந்தால் குடும்பத்தில் இந்நோய் உள்ளதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சில தவறான எண்ணங்கள்

சுருள்பாசி சாப்பிட்டால் பி12 கிடைத்துவிடும் என்று விளம்பரங்கள் கூறுகின்றன. அதிலுள்ளது பெரும்பாலும் பி12-ஐப் போன்ற தோற்றமுடைய, மனித உடலில் வேலை செய்யாத பொருள். அதைவிட முக்கியமாக, இந்நோயாளிக்கு இல்லாதது பி12-ஐ உறிஞ்சும் வழி. எந்த உணவிலிருந்து வந்தாலும் அந்த வழி அடைபட்டே இருக்கும்.

ஊசி பழகிவிட்டால் உடம்பு அதற்கு அடிமையாகிவிடும் என்பதும் தவறு. பி12 உடலுக்கு இயல்பாகத் தேவைப்படும் சத்து, போதைப்பொருள் அன்று. மிகுதியானது சிறுநீரில் வெளியேறிவிடும்.

நரம்புத் தளர்ச்சி என்ற பொதுப்பெயரில் விற்கப்படும் லேகியங்களையும் டானிக்குகளையும் நம்பிக் காலம் கடத்துவது ஆபத்தானது. செலவாகும் பணத்தைவிட, அந்த மாதங்களில் தண்டுவடத்தில் நிகழும் சேதமே பெரிய இழப்பு.

1926-க்கு முன் இந்நோய் மரணத்துக்கு மறுபெயர். இன்று இதற்குத் தேவை மாதம் ஒரு சிறு ஊசி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பரிசோதனை, இரண்டையும் விட்டுவிடாத ஒழுங்கு. தீராத சோகை, மரத்துப்போகும் கால், வழவழப்பான நாக்கு ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் பி12 அளவைப் பார்த்துவிடுவது நல்லது.